மழலையர் கல்வியில் கருப்பொருள்

முன்னுரை

மூன்று அகவை முதல் ஐந்து அகவை வரையுள்ள குழந்தைகட்குக் கல்வி அளிக்கும் முறைகளுள் இன்று பெருவழக்காய் இருப்பது, ஒரு பொருளை நடுவாக வைத்துக் கதை, பாட்டு, கைவேலை, எண்ணிக்கை, ஆடல் ஆகிய யாவற்றையும் அதனைச் சுற்றி அமைக்கும் முறையாகும். 'நீர்', 'பறவை', 'உணவு', 'தொழில்' என்றாற்போல ஒரு வாரத்திற்கோ ஒரு திங்களுக்கோ ஒரு பொருளை ஆசிரியர் எடுத்துக்கொள்வர். குழந்தை அப்பொருளைத் தொட்டும் முகர்ந்தும் பிசைந்தும் அடுக்கியும் அறிகின்றது. இந்நடுப்பொருளைத் தமிழில் 'கருப்பொருள்' என வழங்குகின்றனர்.

இச்சொல்லைக் கேட்ட அளவில் தமிழ் பயின்றார் நெஞ்சில் தோன்றுவது தொல்காப்பிய அகத்திணையியல். முதல், கரு, உரி எனப் பொருளை மூன்றாக வகுத்த ஆசிரியர் கூறிய கருவுக்கும், மழலையர் பள்ளிக் கருப்பொருளுக்கும் உள்ள உறவு பெயரளவினதா, பொருளளவினதா? இவ்வினா வெறும் சொல்லாராய்ச்சி அன்று. குழந்தை முதன்முதலில் எப்பொருளைக் கையில் எடுக்கின்றதோ அப்பொருளின் பெயரே அதன் மொழிக்கு வேராகின்றது. ஆகவே மழலையர் வகுப்பில் எப்பொருள் வைக்கப்படுகின்றது என்பது தமிழ்ச் சொல்வளத்தின் வாழ்வோடு தொடர்புடைய செய்தியாகும். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேலை நாட்டில் இம்முறை வளர்ந்த வரலாறு

பொருளைக் காட்டிச் சொல்லைக் கற்பிக்க வேண்டும் என்னும் கொள்கையை ஐரோப்பாவில் நிலைநாட்டியவருள் கொமேனியசு முதன்மையானவர். அவர் இயற்றிய படநூல் 1658-ஆம் ஆண்டு நூரம்பர்க்கு நகரில் வெளிவந்தது. எனினும் அவர் காட்டியது பொருளின் படமே. பொருளையே குழந்தையின் கையில் கொடுத்த பெருமை செருமானியராகிய பிரோபெல் (1782-1852) என்பாரைச் சாரும்.

பிரோபெல் 1837-இல் பிளாங்கன்பர்க்கு என்னும் ஊரில் சிறுவர்க்கான நிலையம் ஒன்றைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் 'குழந்தைத் தோட்டம்' எனப் பொருள்படும் 'கிண்டர்கார்ட்டன்' என்னும் பெயரை இட்டார். அவர் வகுத்த கருவிகள் 'கொடைகள்' எனப்பட்டன. முதற்கொடை ஆறு வண்ண நூற்பந்துகள். இரண்டாவது கொடை உருண்டை, உருளை, கனசதுரம் என்னும் மூன்று மரவடிவங்கள். மூன்றாவது கொடை எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு கனசதுரம். இளமையில் கனிமக் காட்சிசாலையில் படிகங்களை வகைப்படுத்திப் பழகியவராதலின், வடிவத்தின் ஒழுங்கில் அவர் உள்ளம் தோய்ந்திருந்தது. கொடைகளோடு தாள் மடித்தல், பின்னுதல், களிமண் பிசைதல் முதலிய கைவேலைகளையும் அவர் சேர்த்தார். பிரசிய அரசு 1851-இல் இந்நிலையங்களைத் தடைசெய்தது. 1860-இல் அத்தடை நீங்கியது.

அடுத்துக் குறிக்கத்தக்கவர் இத்தாலியராகிய மரியா மாண்டிசோரி அம்மையார் (1870-1952). மருத்துவம் பயின்ற இவர், 1907 சனவரி 6-ஆம் நாள் உரோம் நகரின் ஏழை மக்கள் பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' ஒன்றைத் தொடங்கினார். ஒரு சென்டிமீட்டர் முதல் பத்துச் சென்டிமீட்டர் வரை அளவு ஏறும் பத்துக் கனசதுரங்கள், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள், எடுத்து அடுக்கத்தக்க தனி எழுத்துகள் ஆகியன இவர்தம் கருவிகளுட் சில. பெயர் கற்பிப்பதில் இவர் மூன்று படிகளைக் கையாண்டார். 'இது சொரசொரப்பு' எனப் பெயரைப் பொருளோடு பொருத்துதல் முதற்படி, 'சொரசொரப்பானது எது?' எனக் கேட்டு எடுக்கச் செய்தல் இரண்டாம் படி. பொருளைக் காட்டி 'இது எத்தகையது?' என வினவிச் சொல்லை வருவித்தல் மூன்றாம் படி. செகுவன் என்னும் பிரெஞ்சு அறிஞரிடமிருந்து அவர் கொண்ட இம்முறை சொற்பொருளியல் பயில்வார் கருதத்தக்கது. அறிதல் முன்னும் கூறுதல் பின்னும் நிகழும் என்னும் உண்மை அதில் அமைந்துள்ளது.

பாடங்களைத் தனித்தனியே பிரிக்காது ஒரு செயலை நடுவாக்கிக் கற்பித்தலை வளர்த்தவர் அமெரிக்க நாட்டு மெய்யியலறிஞர் சான் தூயி (1859-1952). சிகாகோவில் 1896-இல் அவர் தொடங்கிய ஆய்வுப் பள்ளியில் சமைத்தலும் நெய்தலும் மரவேலையும் கல்வியின் நடுவிடம் பெற்றன. அவர் வழிவந்த கில்பாட்ரிக்கு 1918-இல் இதனைச் 'செயற்றிட்ட முறை' என விளக்கினார். இன்றைய கருப்பொருள் முறை இவ்வோடைகள் கலந்து அமைந்த ஆறு எனலாம்.

தமிழகத் தொடர்பு

இம்முறை முழுவதும் புறத்தேயிருந்து வந்தது எனல் பொருந்தாது. திண்ணைப் பள்ளியில் குழந்தை மணலில் விரலால் எழுதியே எழுத்துப் பயின்றது. சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற படைவீரர் சிறுவர்களின் இல்லத்தை 1789 முதல் மேற்பார்த்த ஆண்டுரு பெல் என்பார், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் சிறுவர் மணலில் எழுதுதலைக் கண்டு அதனைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் அங்குக் கையாண்டார். அவர் 1797-இல் இலண்டனில் வெளியிட்ட சிறு நூலின் வாயிலாகச் 'சென்னை முறை' இங்கிலாந்தில் பரவிற்று. மணலில் இழைத்த விரலும் உப்புத்தாளில் தடவிய விரலும் ஒரே உண்மையைச் சுட்டுகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது எனக் கூறுவதற்கு இல்லை. எழுத்தைக் கை அறிந்தபின் கண் எளிதில் அறியும் என்னும் உண்மையை இரு நாட்டாரும் உணர்ந்தனர் என்பதே கொள்ளத்தக்கது.

குழந்தையின் கைச்செயலைத் தமிழிலக்கியமும் கூர்ந்து நோக்கியுள்ளது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன ஆண்பாற்கு உரியன. அம்மானை, நீராடல், ஊசல் என்பன பெண்பாற்கு உரியனவாகப் பெரிதும் வழங்குவன. தச்சன் செய்த சிறுதேரை ஊர்ந்து செல்ல இயலாவிடினும் கையால் ஈர்த்து மகிழும் சிறுவரைக் குறுந்தொகை 61-ஆம் பாட்டு உவமையாக்குகின்றது. மூன்று உருளுடைய சிறுதேரைப் பட்டினப்பாலை குறிக்கின்றது. எனினும் இவை வளர்ந்தோர்க்குப் பாடப்பட்ட செய்யுட்கள். கற்பிக்கும் முறை கூறும் நூல்கள் அல்ல. குழந்தையின் ஆட்டம் கருதத்தக்க பொருள் எனத் தமிழ்ப் புலவர் மதித்தனர் என்ற அளவே இவற்றாற் பெறப்படும்.

மாண்டிசோரி அம்மையார் 1939 நவம்பரில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். உலகப்போர் மூண்டமையால் 1946 வரை அவர் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கோடைக்கானலில் வாழ்ந்த ஆண்டுகளில் செடிகொடிகளையும் உயிர்களையும் பற்றிய அவர்தம் பாடங்கள் விரிவு பெற்றன. குசராத்தில் கிசூபாய் பதேகா பவநகரில் 1920-இல் நிறுவிய சிறுவர் பள்ளியும், மராட்டியத்தில் தாராபாய் மோடக்கு அம்மையார் 1945-இல் போர்டி என்னும் சிற்றூரில் தொடங்கிய பணியும் விலையுயர்ந்த கருவிகட்கு மாறாக ஊரிற் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு கற்பிக்க வழிகாட்டின. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பெற்றபின் அங்கன்வாடிகள் நாடெங்கும் பரவின. தமிழ்நாட்டு அங்கன்வாடிகட்கு வகுக்கப்பட்ட 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்னும் பாடத்திட்டம் திங்கள்தோறும் கருப்பொருள் கொண்டு அமைந்ததாகும்.

அகத்திணையியற் கருவும் வகுப்பறைக் கருவும்

தொல்காப்பியர் கருப்பொருள் எனப் பெயர் சுட்டுவன தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் என்னும் எட்டாகும். இவைபோல்வன பிறவும் கொள்ளப்படும் என்றும் அவர் இடந்தருகின்றார். பிற்காலத்து நாற்கவிராச நம்பி ஊர், நீர், பூ, பண் முதலியவற்றையும் சேர்த்துப் பதினான்காக விரித்தார். மழலையர் பள்ளிப் பட்டியலை எடுத்து நோக்கின், உணவு, விலங்கு, மரம், பறவை, இசைக்கருவி, தொழில், ஊர், நீர், பூ என அதே பொருள்கள் வருதல் காணலாம். இவ்வொப்புமை வியப்புக்குரியதன்று. ஒரு நிலத்தில் வாழ்வார் நாள்தோறும் காணும் பொருள்கள் இவையே ஆதலின், வாழ்வைப் பாடப் புகுந்த புலவரும் வாழ்வைக் கற்பிக்கப் புகுந்த ஆசிரியரும் இவற்றையே அடைந்தனர்.

ஒப்புமை இவ்வளவில் நிற்க, வேற்றுமையே நமக்கு மிகுதியும் பயன்படுவது. தொல்காப்பியத்திற் கருப்பொருள் தனித்து நிற்பதன்று. நிலமும் பொழுதுமாகிய முதற்பொருளின்மேல் அது நிற்கின்றது. புன்னை நெய்தலுக்கு உரியது. மருதநிலத்து எருமை பாலைக்கு உரியதன்று. இன்றைய பாடத்திட்டங்கள் பலவற்றில் கரு உண்டு, முதல் இல்லை.

ஒரு சான்று கூறுவல். 'உதிரும் இலைகள்' என்னும் கருப்பொருளை அக்டோபர்த் திங்களில் வைத்துச் செம்மஞ்சள் தாளில் இலை வெட்டி ஒட்டச் செய்த ஒரு வகுப்பை யான் கண்டதுண்டு. குளிர்நாட்டில் அத்திங்களில் இலைகள் நிறம் மாறி உதிரும். ஆகவே அங்கு அப்பாடம் பொருத்தமானது. தமிழ்நாட்டிலோ அது ஐப்பசி. வடகிழக்குப் பருவமழையில் மரஞ்செடிகள் தழைத்து நிற்கும் காலம். அப்பள்ளி முற்றத்து வேம்பு அன்று பசுமையாகவே நின்றது. அது இலை உதிர்ப்பது மாசி பங்குனியாகிய பின்பனிப் பருவத்தில். பின்னர்ச் சித்திரையில் தளிரும் பூவுமாய் விளங்கும். குழந்தைகள் தாளில் ஒட்டியது தம் கண் காணாத இலை. பொழுது பிறழ்ந்தமையால் கையாற் செய்த வேலையும் மனப்பாடம் போலாயிற்று. கை இயங்கினால் மட்டும் போதாது. கை பற்றும் பொருள் முதற்பொருளோடு இயைந்திருத்தல் வேண்டும் என்பதற்கு இது சான்று.

நெய்தல் நிலத்துக் குழந்தைக்கு உப்பு நல்ல கருப்பொருள். உப்பை நீரிற் கரைத்து, அந்நீரை அகன்ற தட்டில் வெயிலில் வைத்தால் நீர் வற்றி உப்பு மீண்டும் தோன்றும். வேதாரணியத்திலும் தூத்துக்குடியிலும் உப்பளங்களைக் கண்ட குழந்தை, தன் பெற்றோர் தொழிலின் நுட்பத்தை ஒரு தட்டில் அறிந்துகொள்கின்றது. அளம், பாத்தி, உவர் ஆகிய சொற்கள் பொருளோடு வாயில் ஏறுகின்றன. மருதநிலத்துக் குழந்தைக்கு நெல்லை ஊறவைத்து முளைகட்டுதலும் நாற்று விடுதலும் அத்தகையன.

இலை என்னும் கருப்பொருள்

'இலை' என்னும் ஒரு பொருளைப் பின்பனிக் காலத்து ஐந்து நாட்களுக்கு எடுத்துக்கொள்ளின் அது எவ்வாறு அமையும் எனக் காண்போம்.

முதல் நாள் குழந்தைகள் முற்றத்திலும் தெருவோரத்திலும் இலைகளைப் பொறுக்கி வருதல். ஆசிரியர் உடன்செல்லல் வேண்டும். எருக்கம்பால் கண்ணுக்குத் தீங்கானது, அரளி நஞ்சுடையது, இவ்விரண்டையும் முன்னரே விலக்கல் வேண்டும். இரண்டாம் நாள் இலைகளை வகைப்படுத்தல். வழவழப்பு, சொரசொரப்பு, பெரிது, சிறிது, மணமுள்ளது, மணமற்றது எனக் குழந்தைகளே பிரித்து அடுக்குவர். எவ்வாறு பிரிக்க வேண்டும் என ஆசிரியர் முன்கூட்டிக் கூறாதிருத்தல் நலம். குழந்தை தானே கண்ட வேற்றுமைக்கு ஆசிரியர் பெயர் தருதலே இம்முறையின் உயிர். மூன்றாம் நாள், இலையின்மேல் மெல்லிய தாளை வைத்து வண்ணக்கட்டியால் தேய்த்தல். இலையின் நரம்புகள் தாளில் எழும். மாவிலையில் அவை வலைபோல் பின்னும். தென்னங்கீற்றிலும் நெல்தாளிலும் இணைகோடுகளாய் ஓடும்.

நான்காம் நாள் பெயரிடும் நாள். இங்கேதான் தமிழ் தன் வளத்தைக் காட்டுகின்றது. புளி, வேம்பு முதலியவற்றுக்கு இலை. நெல், புல் முதலியவற்றுக்குத் தாள். சோளம், கம்பு முதலியவற்றுக்குத் தோகை. தென்னை, பனை முதலியவற்றுக்கு ஓலை எனத் தேவநேயப் பாவாணர் (1902-1981) எடுத்துக்காட்டியதை அறிஞர் அறிவர். வலைபோல் நரம்புடையனவும் இணைகோடாய் நரம்புடையனவும் இருவேறு குவியல்களாய்க் குழந்தையின் முன் கிடக்க, முதற்குவியலுக்கு இலை என்னும் பெயரும், இரண்டாம் குவியலுக்குத் தாள், தோகை, ஓலை என்னும் பெயர்களும் வந்து அமைகின்றன. தொல்காப்பிய மரபியல் புறத்தே வைரம் உடையதைப் புல் என்றும் அகத்தே வைரம் உடையதை மரம் என்றும் பிரித்து, ஓலை, மடல், ஈர்க்கு, பாளை முதலிய சொற்களைப் புல்லோடும், இலை, தளிர், முறி முதலியவற்றை மரத்தோடும் சேர்த்தது. இன்றைய செடிநூலார் ஒருவித்திலை, இருவித்திலை எனப் பிரிப்பதோடு இது பெரும்பாலும் ஒத்துச் செல்கின்றது. ஒரு மூங்கில் துண்டையும் ஒரு வேப்பங்கட்டையின் குறுக்குவெட்டையும் கையில் கொடுத்தால், வன்மை எங்குள்ளது என்பதை நான்கு அகவைக் குழந்தையும் தடவி அறியும்.

இவ்விதிக்குப் புறனடையும் உண்டு. வாழையின் நரம்புகள் இணைகோடுகளாய் ஓடினும் அதனை இலை என்றே வழங்குகின்றோம், மூங்கிலும் அவ்வாறே. இவற்றை மறைத்தல் வேண்டா. 'வாழைக்கு ஏன் ஓலை என்று சொல்வதில்லை?' எனக் குழந்தை கேட்குமாயின், அவ்வகுப்பு வெற்றி பெற்றது என்க.

ஐந்தாம் நாள், ஒரே வேம்பினின்று கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு ஆகியவற்றைக் கொணர்ந்து வரிசையாக ஒட்டல். இலையின் வாழ்க்கை வரலாறு ஒரு தாளில் அடங்கும். காலம் என்னும் அருவப்பொருளைக் குழந்தை முதன்முதலாகக் கையால் தொடுவது இவ்விடத்தேயாகும்.

எழுத்து அறிதல்

கருப்பொருள் முறையில் எழுத்துக்கு இடம் உண்டா என்னும் ஐயம் பெற்றோர்க்கு எழும். மூன்று அகவையில் எழுதுகோலைத் திணித்தல் தவறு. எனினும் எழுத்தைத் தடவி அறிதலும் ஒலியைக் கேட்டு அறிதலும் அப்பருவத்திற்கு ஏற்றனவே. ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் ஒன்றாகவும் ஒலி வேறாகவும் இருத்தலின் குழந்தை இருமுறை கற்க வேண்டியுள்ளது. தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் பெரிதும் ஒன்றே. இது மழலையர் ஆசிரியர்க்குக் கிடைத்த பேறு.

ஆயின் வரிசை பற்றிய ஒரு சிக்கல் உண்டு. நெடுங்கணக்கு ஒலிமுறையில் அமைந்தது. க, ச, ட, த, ப என்னும் வல்லெழுத்துகள் வாயின் உள்ளிருந்து இதழ் நோக்கி வருகின்றன. ஒவ்வொன்றன் பின்னும் அதன் மெல்லினம் நிற்கின்றது. இது செவிக்கும் நாவுக்கும் உரிய வரிசை. கைக்கு அவ்வரிசை எளிதன்று. அகரத்தின் வளைவும் சுழியும் சிறுகைக்கு அரியன. டகரம் இரு கோடுகளாலும் பகரம் மூன்று கோடுகளாலும் அமைவன. மகரம் பகரத்தினின்று எளிதின் வளர்வது. ப, ட, ம என்னும் மூன்றும் புள்ளியும் அறிந்த அளவில் படம், பட்டம், மடம், மட்டம் என்னும் சொற்களைத் தனி எழுத்துகளால் அடுக்கலாம். ஆகவே பாடிப் பழகுவதற்கு நெடுங்கணக்கையும், தடவிப் பழகுவதற்கு வடிவ வரிசையையும் கொள்ளுதல் பொருந்தும். இரண்டும் ஒன்றையொன்று கெடுப்பன அல்ல.

எழுத்தின்மேல் வித்துகளை வரிசையாக வைக்கச் செய்வதும் வழக்கம். அதற்குக் குன்றிமணியைக் கொள்ளலாகாது. அழகிய அவ்வித்து நஞ்சுடையது. சிறு வித்துகளைக் குழந்தை மூக்கிலும் காதிலும் இடுதலும் உண்டாதலின், பெருஞ்சோழியும் கூழாங்கல்லும் ஏற்றவை.

தமிழ்த்துறையின் கடமை

இம்முறைக்கு உள்ள தடைகளுள் கருவி இன்மையைப் பெரிதாகக் கூறுவர். இலைக்கும் மணலுக்கும் விலையில்லை. மெய்யான தடை சொல்லின்மையே. ஆசிரியர்க்குத் தாளும் தோகையும் வேறு எனத் தெரியாவிடின் குழந்தைக்கும் தெரியாது. யாவும் இலையாகி, பின்னர் இலையும் ஆங்கிலப் பெயர் பெறும். விலங்கின் இளமைப் பெயர்க்கும் அதே நிலை. மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது கூறிற்று. அவற்றுள் குட்டி, கன்று, பிள்ளை முதலிய சில இன்றும் மக்கள் நாவில் உள்ளன. எஞ்சியவை ஏட்டில் உள்ளன. வழக்கு வீழ்ந்த பறழையும் குருளையையும் மழலையர்மேல் சுமத்த வேண்டும் என்பது என் கருத்தன்று. பசுவுக்குக் கன்று, ஆட்டுக்குக் குட்டி, தென்னைக்குப் பிள்ளை என இன்றும் உயிரோடு உள்ள வேற்றுமைகளையேனும் இழவாதிருத்தல் வேண்டும்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். இச்சொற்கள் ஊருக்கு ஊர் வேறுபடுவன, கரும்பின் இலையைத் தோகை என்பாரும் உண்டு, சோகை என்பாரும் உண்டு, எதனைக் கற்பிப்பது? அவ்வூரில் வழங்குவதையே முதற்கண் கற்பித்தல் வேண்டும் என்பதே விடை. நிலத்தோடு இயைந்த கரு, நிலத்தோடு இயைந்த சொல்லையே நாடும்.

இதற்கு வேண்டும் ஆராய்ச்சி தமிழ்த்துறைக்கு உரியது. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஐந்து கருப்பொருள்களை எடுத்து, இலை, நீர், மீன், மண், கூடை என்றாற்போல, அவற்றைச் சார்ந்து வழங்கும் பெயர்களையும் வினைகளையும் முதியோரிடமும் தொழிலாளரிடமும் கேட்டுத் தொகுப்பின், அத்தொகுப்பு மொழியாராய்ச்சிக்கும் உதவும். அவ்வூர் அங்கன்வாடி ஆசிரியர்க்கு உடனடியான பாடப்பொருளும் ஆகும். சொற்களைத் தொகுத்து அகராதியில் வைப்பது ஒருவகைக் காப்பு; குழந்தையின் கையில் பொருளையும் வாயில் சொல்லையும் ஒருங்கே வைப்பது அதனினும் உறுதியான காப்பு.

முடிவுரை

மழலையர் பள்ளிக் கருப்பொருள் முறை மேலைநாட்டில் முறைப்பட வளர்ந்தது. நம் நாட்டு மணலெழுத்தும் சிற்றிலும் அதற்கு அயலானவை அல்ல. தொல்காப்பியக் கருவோடு அதற்குப் பெயரொற்றுமை தற்செயலாயினும், கரு முதலின்மேல் நிற்க வேண்டும் என்னும் தொல்காப்பிய நெறி இன்றைய பாடத்திட்டத்திற்குத் திருத்தமாக அமையும். நிலமும் பொழுதும் நோக்கிப் பொருளைத் தேர்க. பொருளைக் கையில் கொடுக்க. கை அறிந்தபின் பெயர் கூறுக. இம்மூன்றும் இயைந்த வகுப்பில், பங்குனி வெயிலில் உதிர்ந்த வேப்பிலை ஒன்றைக் கையில் ஏந்திச் 'சருகு' எனக் கூறும் குழந்தை, நூற்றாண்டுகள் கடந்து வந்த ஒரு சொல்லை மேலும் ஒரு தலைமுறைக்கு எடுத்துச் செல்கின்றது.